கோயிலில் தாலி கட்டியாயிற்று. அமெரிக்க விசாவுக்கு நான் மணமானவளா, ஆகாதவளா?

கோவை மாவட்டத்தைச் சேர்ந்த 31 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பொறியாளராக இருக்கும் இவர், 2023இல் பி1/பி2 என்ற குறுகிய காலத் தொழில், சுற்றுலாப் பயண விசாவில் வேலை நிமித்தம் ஓஹையோ மாநிலத்துக்குச் சென்றபோது, வாடிக்கையாளர் நிறுவனத்தின் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்த ஓர் அமெரிக்கக் குடிமகனோடு பழகி, இரு வீட்டார் சம்மதத்துடன் மணம் முடித்திருக்கிறார். அவருக்கு வயது 36, கத்தோலிக்கர், விவாகரத்தானவர், எட்டு வயது மகள் தாயிடம் வளர்கிறாள். கடந்த தை மாதம் வாசகியின் குலதெய்வக் கோயிலில் சுமார் இருநூறு பேர் முன்னிலையில் தாலி கட்டி, பொள்ளாச்சியில் விருந்தும் நடந்தது. விடுப்பு முடிந்து அவர் ஊர் திரும்பிவிட்டார். திருமணம் எங்கும் பதிவாகவில்லை. அவருடைய ஆண்டு வருமானம் 31,000 டாலர். அடுத்து டிசம்பரில் மூன்று வார விடுப்பில் வருகிறார்.

வாசகியின் கேள்விகள் நான்கு. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் இப்போது பதிவு செய்துகொண்டால் போதுமா? விசா ஆலோசனை மையம் ஒன்று, ‘நிச்சயமானவர்களுக்கான விசாதான் சீக்கிரம் கிடைக்கும், நேர்காணலுக்குத் தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்’ என்று சொல்வதைக் கேட்கலாமா? கையில் இருக்கும் பி1/பி2 விசாவில் போய் அங்கேயே விண்ணப்பித்துவிடலாம் என்று தோழி சொல்வது சரியா? ‘இரண்டு வருஷத்தில் ஒத்துவராமல் போனால் என் மகள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதானா?’ என்று அம்மா கேட்பதற்கு என்ன பதில்?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் விசாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் முடிச்சு விழுந்திருப்பது அமெரிக்கச் சட்டத்தில் அல்ல, இந்தியச் சட்டத்தில்தான். ஒரு திருமணம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ச் சட்டப்படி அது செல்லுமா என்பதைத்தான் அமெரிக்கக் குடியேற்றத் துறை முதலில் பார்க்கும். ஆகவே கோவையில் முடிக்க வேண்டிய வேலையை முடிக்காமல் எந்தப் படிவத்தையும் நிரப்பத் தொடங்காதீர்கள்.

நீங்கள் சட்டப்படி மணமானவரா?

சொல்வதற்குச் சங்கடமாக இருந்தாலும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இன்றைய நிலையில் இல்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். இங்கே இந்து என்பதில் பௌத்தர், சமணர், சீக்கியர் அடங்குவர், கிறிஸ்தவர் அடங்கமாட்டார். தமிழ்நாட்டுக்கே உரிய சுயமரியாதைத் திருமணத்துக்கும் இதே நிபந்தனைதான். ‘பதிவு செய்துவிட்டால் சரியாகிவிடும்’ என்பது பரவலாக உள்ள தவறான எண்ணம். ஓர் இந்துப் பெண்ணுக்கும் கிறிஸ்தவ ஆணுக்கும் கோயிலில் தாலி கட்டி நடந்து, இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவும் ஆன ஒரு திருமணத்தை, செல்லாது என்று 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் விவரங்கள் உங்கள் கதையோடு ஏறத்தாழ அப்படியே ஒத்துப்போகின்றன. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம் என்பது உண்மை. ஆனால் செல்லாத திருமணத்தைச் செல்லுபடியாக்கும் ஆற்றல் அந்தப் பதிவுக்கு இல்லை.

உங்களுக்கு உரிய வழி 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். மணமக்களில் ஒருவராவது, மணம் செய்ய விரும்புவதாக நோட்டீஸ் கொடுக்கும் தேதிக்கு முன் குறைந்தது முப்பது நாள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். நீங்கள் அங்கேயே இருப்பதால் இது பிரச்சினை இல்லை. திருமண அலுவலரிடம், அதாவது நம் ஊரில் சார்பதிவாளரிடம், நோட்டீஸ் கொடுத்த பின் அது அலுவலகப் பலகையில் முப்பது நாள் ஒட்டப்பட்டிருக்கும். சட்டப்படியான ஆட்சேபம் எதுவும் வராவிட்டால், அதன் பிறகு மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணம் நடத்தப்பட்டுச் சான்றிதழ் தரப்படும். அந்தச் சான்றிதழ் திருமணத்துக்கு முடிவான ஆதாரம். அவர் தம் விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும், இப்போது வேறு மனைவி இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் கொண்டுவர வேண்டும்.

ஏற்கெனவே நடந்த சடங்குத் திருமணத்தை அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. ஆனால் அதற்கு இருவருமே முப்பது நாள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். மூன்று வார விடுப்பில் வருபவருக்கு அது கைகூடாது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே அந்தச் சட்டத்தின்கீழ் மணம் செய்துகொள்ளலாம். தேவாலயத்தின் விதிமுறைகள் உங்களுக்கு ஒத்துவருமானால் அதையும் யோசிக்கலாம். ‘அவரை மதம் மாற்றி ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மனம் ஒப்பி மாறுவது வேறு. விசாவுக்காக மாறியதாகக் காகிதம் தயாரிப்பது நேர்காணலில் உங்கள் காலையே வாரிவிடும்.

இதைப் படித்ததும் யாராவது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் காணொளித் திருமணத்தைப் பற்றிச் சொல்லக்கூடும். இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த மணத்தை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை. அந்த மணத்துக்குப் பின் தம்பதியராகச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், அதைக் காட்டவும் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகம் பக்கத்திலேயே இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு?

நிச்சயமானவர்களுக்கான விசா ஏன் வேண்டாம்

இன்னும் மணமாகாத, கடந்த இரண்டு ஆண்டுக்குள் ஒருமுறையாவது நேரில் சந்தித்த இருவருக்கானது கே-1 விசா. அமெரிக்காவில் இறங்கி 90 நாளுக்குள் மனு போட்டவரையே மணந்து, பிறகு கிரீன் கார்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தின் எழுத்துப்படி உங்கள் கோயில் திருமணம் செல்லாது என்பதால், நீங்கள் கே-1க்குத் தகுதியுடையவர் என்று வாதாட இடம் உண்டு. ஆலோசனை மையத்தின் பேச்சில் உள்ள பாதி உண்மை இதுதான். ஆனால் மும்பை அமெரிக்கத் துணைத் தூதரக நேர்காணலில் அதிகாரியின் கையில் இருநூறு பேர் கூடிய கல்யாணப் படமும், இரண்டு மொழியில் அச்சடித்த அழைப்பிதழும் இருக்கும்போது, ‘இவர்கள் ஏற்கெனவே மணமானவர்கள்’ என்று கருதி மனுவைத் திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் காத்திருந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். கே-1க்கு நீங்கள் அளவுக்கு மேல் மணமானவர். மனைவி விசாவுக்கு அளவுக்குக் குறைவாக மணமானவர்.

தாலியைக் கழற்றி வைப்பதைப் பற்றி: தாலி அணியாமல் நேர்காணலுக்குப் போவது குற்றம் அல்ல. ஆனால் நடந்த சடங்கை மறைக்கும் நோக்கத்தோடு படங்களை நீக்கி, ‘எந்தச் சடங்கும் நடக்கவில்லை’ என்று சொல்வது பொய். விசாவுக்காக முக்கியமான ஒரு விஷயத்தில் பொய் சொன்னதாகப் பதிவானால், அமெரிக்காவுக்குள் நுழைய ஆயுள் முழுவதும் தடை. கணவருக்குக் கடும் இன்னல் ஏற்படும் என்று நிரூபித்து விலக்குக் கேட்கலாம். அது நீண்ட, செலவு பிடித்த, நிச்சயமில்லாத போராட்டம். இந்த யோசனையைச் சொன்ன ஆலோசகர் அந்தப் போராட்டத்தில் உங்களோடு நிற்கமாட்டார்.

சீக்கிரம், மலிவு என்ற கணக்கும் சரியில்லை. 2024 ஏப்ரலில் வந்த கட்டணப் பட்டியலின்படி கே-1க்கான ஐ-129எஃப் மனுவுக்கு 675 டாலர். அங்கே போன பின் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு இன்னும் 1,440 டாலர். மனைவி விசாவுக்கான ஐ-130 மனு, காகிதத்தில் 675 டாலர், இணையத்தில் 625 டாலர். அதன் பின் வரும் தூதரகக் கட்டணங்கள் சில நூறு டாலர்தான். கட்டணங்கள் மாறக்கூடியவை; அனுப்பும் அன்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணத்தைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கே-1இல் போனவர் வேலை அனுமதி வரும்வரை சம்பாதிக்க முடியாது. முன் அனுமதி வாங்காமல் ஊருக்கு வந்தால் கிரீன் கார்டு விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். அந்த மனிதரைத் தவிர வேறு யார் மூலமாகவும் அங்கேயே நிரந்தரக் குடியிருப்புக்கு மாற முடியாது. மனைவி விசாவில் போகிறவரோ விமானத்தைவிட்டு இறங்கும்போதே நிரந்தரக் குடியிருப்பாளர். மறுநாளே வேலைக்குப் போகலாம். குடிமகனின் மனைவி என்பதால் ஆண்டு ஒதுக்கீட்டு வரிசையும் கிடையாது. மனு, தேசிய விசா மையம், டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் என்று எல்லாம் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொண்டு உங்கள் வேலையைத் திட்டமிடுங்கள்.

ஐ-130 படிவத்தில் திருமணத் தேதி என்று சிறப்புத் திருமணச் சட்டச் சான்றிதழில் உள்ள தேதியையே எழுதுங்கள். கோயில் திருமணம் எப்போது நடந்தது, ஏன் மறுபடி மணம் செய்துகொண்டீர்கள் என்பதை ஒரு பக்க விளக்கக் கடிதமாக இணையுங்கள். மறைக்கச் சொன்ன அதே படங்கள்தான் அப்போது உங்கள் உறவு உண்மையானது என்பதற்கு முதல் சாட்சியாக நிற்கும். ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: கடந்த தைக்குப் பிறகு ஆதார், வங்கி, கடவுச்சீட்டு, அலுவலகக் காப்பீடு, அவருடைய வரிப் படிவம் என்று எங்கெல்லாம் ‘மணமானவர்’ என்று எழுதினீர்கள்? பட்டியல் போட்டு அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். முரண்பாட்டை நீங்களே சொன்னால் விளக்கம். அதிகாரி கண்டுபிடித்தால் சந்தேகம்.

பி1/பி2 விசாவில் போய் அங்கேயே விண்ணப்பிப்பது

உங்கள் தோழி சொன்னதில் சட்ட அடிப்படை இல்லாமல் இல்லை. முறையாக அனுமதிக்கப்பட்டு நாட்டுக்குள் வந்தவர், குடிமகனின் மனைவியாக இருந்தால், அங்கிருந்தே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க முடியும். தங்கும் காலம் முடிந்துவிட்டிருந்தாலும் முடியும். ஆனால் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் மனம் மாறித் தங்க முடிவெடுத்தவருக்கும், தங்கிவிட வேண்டும் என்றே திட்டமிட்டு, விமான நிலையத்தில் ‘இரண்டு வாரச் சுற்றுலா’ என்று சொல்லி நுழைந்தவருக்கும் வேறுபாடு உண்டு. உங்கள் கடிதமே உங்கள் நோக்கத்தைச் சொல்லிவிட்டது. விமான நிலைய அதிகாரி கைப்பேசியை வாங்கிப் பார்த்தால் கல்யாண ஆல்பம் அதிலும் இருக்கும். அங்கிருந்தே உடனடி வெளியேற்ற உத்தரவோடு திருப்பி அனுப்பினால் ஐந்தாண்டுத் தடை. உள்ளே போன பிறகு விண்ணப்பம் சிக்கி, அனுமதியின்றித் தங்கியது 180 நாளைத் தாண்டிய நிலையில் நாட்டைவிட்டு வெளியேறினால் மூன்றாண்டு, ஓராண்டை எட்டினால் பத்தாண்டு. மனு நிலுவையில் இருக்கும்போது அவர் இந்தியா வந்து பார்த்துப் போகட்டும்; அந்தப் பயணச்சீட்டுகளும் நாளைக்கு ஆதாரம்தான்.

வருமானமும் அவருடைய மகளும்

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் உங்கள் மனு இங்கேதான் தடுக்கி நிற்கக்கூடும். உங்களை அழைப்பவர் ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். குடும்ப அளவுக்கேற்ற வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 விழுக்காடு அவருக்கு இருக்க வேண்டும். ‘மகள் தாயிடம்தானே இருக்கிறாள்’ என்று நீங்கள் இருவரை மட்டும் கணக்கிட்டிருக்கலாம். அது தவறு, 21 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளையை, வளர்ப்புரிமை தன்னிடம் இல்லாவிட்டாலும், குடும்பத்தில் சேர்த்தே எண்ண வேண்டும். ஆகவே உங்கள் குடும்பம் மூன்று பேர். 2025ஆம் ஆண்டு அட்டவணைப்படி மூவருக்குத் தேவை 33,312 டாலர். அவருடைய 31,000 டாலரில் 2,312 டாலர் துண்டு விழுகிறது.

இதற்காகப் பதறவேண்டியதில்லை. அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ, அவருடைய பெற்றோர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்திடலாம். அல்லது குடிமகனின் மனைவிக்கு உள்ள சலுகைப்படி, துண்டு விழும் தொகையைப் போல் மூன்று மடங்குச் சொத்தைக் காட்டலாம். உங்கள் கணக்கில் அது சுமார் 6,940 டாலர். ஓராண்டுக்குள் பணமாக்கக்கூடிய உங்கள் சொந்தச் சேமிப்பும் இதற்கு ஏற்கப்படும். எட்டு ஆண்டு வேலை பார்த்திருக்கிறீர்கள். உங்கள் வைப்புநிதி ரசீதைத் தேடி எடுங்கள். இந்த அட்டவணை ஆண்டுதோறும் மாறும் என்பதால் நேர்காணல் ஆண்டின் எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய கடவுச்சீட்டு நகலில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. இனிஷியல் மட்டும் போட்டுப் பழகிய நம் வழக்கம் அப்படி. உங்கள் பழைய விசாவை எடுத்துப் பாருங்கள்: உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்திலும், சொந்தப் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்ற மூன்றெழுத்தும் அச்சாகியிருக்கும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. குடியேற்ற விசாவில் அப்படி வந்தால் கிரீன் கார்டு, சமூகப் பாதுகாப்பு அட்டை, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராகச் சேர்த்து, சார்பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே கடவுச்சீட்டை மறுவெளியீடு செய்துகொள்ளுங்கள். திருமணச் சான்றிதழும் அதே பெயரில் வரட்டும். பிறப்புச் சான்றிதழில் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருந்தால் அதிலும் இப்போதே பெயர் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் அம்மாவின் கேள்வி

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நான்கு கேள்விகளிலும் அதுவே ஆழமானது. நீங்கள் அமெரிக்காவில் இறங்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால், இரண்டே ஆண்டுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டு கிடைக்கும். போலித் திருமணங்களைத் தடுக்க 1986இல் வந்த சட்டத்தின் விளைவு இது. அட்டை காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 மனு கொடுத்து நிபந்தனையை நீக்க வேண்டும். இந்தத் தேதியைக் கணவரின் பொறுப்பில் விடாமல் நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் குடியிருப்பு நிலையே பறிபோகும்.

அவர் கையெழுத்திட மறுத்தால் எல்லாம் முடிந்தது என்பதுதான் பலரைப் பயத்திலேயே வாழவைக்கும் தவறான எண்ணம். நல்லெண்ணத்தோடு செய்த திருமணம் விவாகரத்தில் முடிந்திருந்தாலோ, அவரால் அடி உதைக்கோ கடும் கொடுமைக்கோ ஆளாகியிருந்தாலோ, திருப்பி அனுப்பினால் அளவுகடந்த இன்னல் நேரும் என்றாலோ, நீங்கள் தனியாகவே அந்த மனுவைக் கொடுக்கலாம். குடிமகனால் துன்புறுத்தப்படும் மனைவி, அவருக்குத் தெரியாமலேயே தனக்காகத் தானே மனு செய்ய 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் வழிசெய்கிறது. அமெரிக்காவின் தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. அம்மாவிடமும் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

ஐ-864 உறுதிமொழியும் வெறும் சம்பிரதாயக் காகிதம் அல்ல. அது நீதிமன்றத்தில் செல்லக்கூடிய ஒப்பந்தம், விவாகரத்தானாலும் முடிந்துபோகாது. நீங்கள் குடிமகளாகும் வரையிலோ, சுமார் பத்தாண்டு வேலைக்கு ஈடான நாற்பது காலாண்டுகள் உங்கள் கணக்கில் சேரும் வரையிலோ, இருவரில் ஒருவர் இறக்கும் வரையிலோ, நீங்கள் அந்த நாட்டைவிட்டே நிரந்தரமாகப் போகும் வரையிலோ நீடிக்கும். அவருடைய பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் அவர்களையும் இது கட்டும் என்பதால், கையெழுத்து வாங்கும் முன் அதை அவர்களுக்கு விளக்கிச் சொல்வதுதான் மரியாதை. உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு, உங்கள் கையில் உங்கள் கடவுச்சீட்டு, எல்லா விண்ணப்பங்களின் நகல் என்ற மூன்றும் எந்த நல்ல திருமணத்துக்கும் கேடு செய்யாது.

இனி டிசம்பர். முப்பது நாள் நோட்டீஸை மூன்று வார விடுப்புக்குள் அடக்க முடியாது. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மணம் நடந்தாக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். எனவே அக்டோபரிலேயே உங்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய், அவர் கையெழுத்திட்டு அனுப்பும் நோட்டீஸை ஏற்பார்களா அல்லது கொடுக்கும்போது இருவரும் நேரில் வர வேண்டுமா, வெளிநாட்டவருக்கு எந்தெந்த ஆவணங்கள் கேட்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். கையெழுத்தை ஏற்பார்கள் என்றால் நவம்பர் முதல் வாரத்தில் நோட்டீஸ் கொடுத்து, டிசம்பர் விடுப்பிலேயே மணத்தை முடித்துவிடலாம். நேரில்தான் வர வேண்டும் என்றால், டிசம்பர் விடுப்பில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு மார்ச் தொடக்கத்துக்குள் இன்னொரு முறை வர வேண்டியிருக்கும், அல்லது விடுப்பை ஐந்து வாரத்துக்கு மேல் நீட்டிக்க வேண்டியிருக்கும். அலுவலகத்தின் பதில் தெரிந்த பிறகு அவர் விமானச் சீட்டு எடுக்கட்டும்.